இரண்டாவது என்

திங்கள் காலை சம்பளப் பட்டியல்
கிரேன் வாடகைக்காரனுக்குப் போய்விட்டது.
கணக்குப் பிரிவு சுபைதா
என், ஏ என்று தட்டியதும் நாசர் வந்தான்.
வேறொரு நாசர்.

மேலாளர் எனக்கு எழுதியது இரண்டே வரி:
மூன்று எழுத்துக்கு முன்னால்
எந்தப் பெயரும் தலைகாட்டக் கூடாது.
கம்பெனி முகவரிப் புத்தகம் மட்டும் போதும்.

முசஃபா, போர்ட்டா கேபின்.
ஏசி சொட்டுகிறது, பெயின்ட் டப்பா ஏந்திக்கொள்கிறது.
அமைப்புகளைத் திறக்கிறேன்.
குறைந்தபட்ச எழுத்து: ஒன்றை அழித்து மூன்று.
பரிந்துரைகள்: பதினைந்து போதாதா என்று யோசித்து, ஐந்து.
தானாகச் சேர்ந்த முகவரிகள்:
இந்தக் கட்டத்தில் டிக்கை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது.
எடுக்குமுன் ஒருமுறை பார்க்கிறாயா என்கிறது.
பார்க்கக் கூடாததுதான்.
பார்த்தேன்.

அடுத்தவன் சட்டைப்பைக்குள் கைவிட்ட மாதிரி.
ஒரு பல் டாக்டர். விசா ஏஜென்ட் இருவர்.
குவான்டிட்டி சர்வேயர் ஒருத்தர்
தோஹாவில் மூன்று கம்பெனிகளுக்கு எழுதுகிறார்,
மேலாளருக்குத் தெரியாது.
ஸ்டோர் கீப்பர் ரெமிஜியுஸ் பர்னாந்துவிடம்
ஒரே முகவரி, நாற்பத்தொரு தடவை.
சில்வெஸ்டர் பர்னாந்து.
அண்ணன்.

பக்கத்துப் பட்டியலில் அவருடைய சொந்த முகவரி இருந்ததால் தெரிந்தது.
ஒரே குடும்பப்பெயர், ஆனால் அண்ணனுக்கு
ஓர் என் குறைவு.

எப்போதோ விரல் தவறியிருக்கிறது.
பெட்டி அதைப் பத்திரமாய்ப் பிடித்துக்கொண்டது.
பிறகு அவர் எஸ் ஐ எல் என்று தொடங்கும்போதெல்லாம்
முந்திக்கொண்டு முடித்துக் கொடுத்திருக்கிறது,
விசுவாசமான முட்டாள்.
கடிதம் ஒன்றும் திரும்பி வரவில்லை.
அப்படியும் ஒரு முகவரி உலகத்தில் இருக்கிறது போல,
அதில் யாரோ ஒருவர்
நாற்பத்தொன்றையும் வாங்கிக்கொண்டு
பேசாமல்.

'அண்ணன் என்னைத் தலைமுழுகிட்டாரு சார்,
வீட்டுல பங்கு கேட்டதுக்கு'
மெஸ்ஸில் குபூஸைக் கிழித்தபடி ஒருநாள் சொன்னார்.
'போன் அடிக்க எனக்கும் ரோசம் இருக்குல்ல.'
நான் பருப்புப் பாத்திரத்தைத் தள்ளிவைத்தேன்.

டிக்கை எடுத்தேன். சேமித்தேன்.
சொன்னால், பார்த்தேன் என்றும் சொல்ல வேண்டும்.

மூன்று மணிக்கு ஸ்டோரிலிருந்து கூப்பிட்டார்.
'சார், பேரு வரமாட்டேங்குது.'
இனி வராது. முழுசா தட்டணும்.
'முழுசாவா?'
போய் முதுகுக்குப் பின்னால் நின்றேன்,
போல்ட் நட்டு நாற்றத்தில்.
ஒற்றை விரல். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு தேடல்.
பர்னா வரைக்கும் வந்து
கொஞ்சம் நின்றது விரல்.
நான் வாயைத் திறக்கவில்லை.
அது தானாகவே போய்
இரண்டாவது என்னைத் தொட்டது.

அன்புள்ள அண்ணனுக்கு என்று அடித்தார்.
அன்புள்ளவை அழித்தார்.
திரும்பவும் அடித்தார்.
கேம்ப் பஸ் ஹாரன் அடித்தது,
டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு ஓடினார்.

திரையின் ஓரத்தில்
வரைவுகள், அதற்குப் பக்கத்தில் ஒன்று.
மானிட்டரை அணைத்தேன்.
கம்ப்யூட்டரை அப்படியே விட்டுவிட்டேன்.