பாடம் பதினான்கு

கிரிம்ஸ்பி நூலகத்தின் மாடியறையில்
வியாழன்தோறும் ஏழு மணிக்கு
துணைவினைகளோடு மல்லுக்கட்டுகிறேன்.
பகலெல்லாம் ஹாடக் மீனுக்கு முள் எடுத்த விரல்களுக்குப்
பென்சில்கூடச் சுடுகிறது.

பாடம் பதினான்கு.
மஸ்ட் என்றால் கட்டாயம்.
தலையுறை அணிந்தே ஆகவேண்டும்,
கையைக் கழுவியே ஆகவேண்டும்.
எங்கள் தொழிற்சாலைச் சுவர் முழுக்க மஸ்ட்,
சிவப்பு எழுத்தில்.
மீறினால் சூப்பர்வைசர் கூப்பிடுவார்.
இதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

ஜார்ஜிய மொழியில் உந்தா என்றொரு சொல்.
ஆசைக்கும் அதுதான், கட்டாயத்துக்கும் அதுதான்.
குழந்தைக்குப் பால் என்றாலும் உந்தா,
வட்டி கட்டுவதென்றாலும் உந்தா.
எது எதுவென்று
முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வோம்.

இங்கே முகத்தில் பாதி முகமூடி.

ஆகவே பெவர்லி,
பொட்டலம் கட்டும் வரிசையில் எனக்கு இடப்பக்கம் நிற்பவள்,
கையுறையைக் கழற்றிக்கொண்டே
"நீ ஒருநாள் வீட்டுக்கு வந்தே ஆகவேண்டும், மக்வாலா"
என்றபோது
மஸ்ட் மட்டும் காதில் விழுந்தது.
ஒருநாள் விழவில்லை.
அதற்குப் பாடமே கிடையாது.

ஞாயிறு. மழை பக்கவாட்டில் பெய்தது.
கிளீதார்ப்ஸ் பஸ்ஸில் என் மடிமேல்
செய்தித்தாளில் சுற்றிய ஒரு சுர்ச்கேலா:
வால்நட்டை நூலில் கோத்து,
திராட்சைக் கூழில் முக்கி, உலர்த்தி, மறுபடி முக்கி,
தெலாவியிலிருந்து தங்கை லமாரா அனுப்பிய
இரண்டில் ஒன்று.

கதவைத் திறந்தவளுக்கு
ஒரு கண்ணில் மட்டும் மை.
உள்ளே யாரோ டிவி சத்தத்தைக் குறைத்தார்கள்.
"ஓ" என்றாள்.
ஒரு பஸ் நிறுத்தத்திலிருந்து அடுத்ததுவரை
நீண்டது அந்த ஓ.

பொட்டலத்தை நீட்டினேன்.
"ஐயோ, நீ இதைச் செய்திருக்கவே கூடாது!"

பாடம் பதினாறு, முன்கூட்டியே படித்திருந்தேன்.
செய்திருக்கக் கூடாது என்பது
நடந்து முடிந்த தவறுக்கு.
உதாரணம்: அவன் குடித்துவிட்டு வண்டி ஓட்டியிருக்கக் கூடாது.

மன்னிப்புக் கேட்டு
பொட்டலத்தைத் திரும்ப வாங்கப் போனேன்.
அவள் விடவில்லை.
வாசலில் இரண்டு பெண்கள்
ஒரு செய்தித்தாளின் இரு முனையை
இழுத்துக்கொண்டு நின்றோம், மழையில்.

பிறகு தேநீர், பிஸ்கட்.
அவள் கணவர் டெரெக்
மழையைப் பற்றி மூன்று வாக்கியம் சொன்னார்.
மூன்றும் புரிந்தன.
ஐந்தரைக்குக் கிளம்பினேன்.

புதன்கிழமை, ஐஸ் தொட்டிக்குப் பக்கத்தில்
தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள்:
"உன் மெழுகுவர்த்தி... திரி நன்றாகத்தான் இருக்கிறது.
ஆனால் பற்றமாட்டேன் என்கிறது.
டெரெக் ஒரு தீப்பெட்டியையே தீர்த்துவிட்டார்.
வீடெல்லாம் ஜாம் கருகின வாசம்."

சாப்பிடு என்ற வினை
பாடம் இரண்டிலேயே வந்துவிட்டது.
ஈட், ஏட், ஈட்டன். மூன்றும் மனப்பாடம்.
ஒன்றும் வாயில் வரவில்லை.
சிரிப்பு முந்திக்கொண்டது.

மறுநாள் இடைவேளையில்
மிச்சமிருந்த இன்னொன்றை எடுத்துப் போய்
நூலை உருவி
அவள் கண்ணெதிரே கடித்தேன்.
பெவர்லிக்கு முதலில் பயம்.
அப்புறம் ஒரு துண்டு, அப்புறம் இன்னொன்று,
வாய் நிறைய வால்நட்டோடு
"நீ சொல்லியிருக்க வேண்டும்!" என்று என் தோளில் அடித்தாள்.

அதே பாடத்தின் அடுத்த பக்கம்.
செய்திருக்க வேண்டியது, செய்யாமல் விட்டது.
அந்த ஒன்று மட்டும்
புத்தகத்தில் உள்ளபடியே இருந்தது.

இப்போது என் வலப்பக்கம்
திமோரிலிருந்து வந்த புதுப்பெண், ஃபெலிஸ்மினா.
நேற்று கையுறையைக் கழற்றும்போது
"நீ ஒருநாள் வீட்டுக்கு வந்தே ஆகவேண்டும்" என்றேன்.
அந்த வாக்கியம் அதுவாகவே வந்தது,
எனக்கு முன்பே ஊரோடு பழகிவிட்டதுபோல.

அவள் சட்டைப்பையிலிருந்து
பேனாவை எடுத்தாள்.
"எந்த நாள்?"

ஞாயிறு என்றேன்.
வீடு கூட்ட வேண்டும்.
லமாராவுக்கு எழுத வேண்டும்.
தீப்பெட்டியை எங்காவது ஒளித்துவைக்க வேண்டும்.