அடுத்த வருஷத்து ஆள்

வலிநோக்கத்தில் விண்கப்பல்களை உடைத்துப்
பாதி கடலுக்கும் பாதி காயலான் கடைக்கும் போன பிறகு
உடைபடாமல் கிடந்தது ஓர் எஞ்சின் மட்டும்.
வத்தத்தில் அதன் வாய் தெரியும்.
உள்ளே காலம், சுழியில் மாட்டிய நுரை மாதிரி,
ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்.
வாயோரம் உட்கார்ந்து டோக்கன் கிழிப்பது என் வேலை.
கேட்கிற வருஷத்துக்கு முள்ளைத் திருப்புவேன்.
அந்த வருஷத்து நீங்கள் நடந்து வருவீர்கள்.
பெரும்பாலும் அழுவதற்குத்தான் ஜனங்கள் வருவார்கள்.

சீனி நைனா வாளோடு வந்தார்.
எழுபத்தொன்று. இடது முழங்காலில் பித்தளைக் கீல்.
தொண்டி முதல் மூக்கையூர் வரை
யாரையும் அவர் மிச்சம் வைத்திருக்கவில்லை.
மண்டபத்தில் ஆறு கை இயந்திரம் ஒன்று
இவரைப் பார்த்ததும் நான்கைக் கழற்றி வைத்ததாம்,
மரியாதைக்கு.
மீதி இரண்டை இவர் கழற்றினார்.
ஒளியால் வெட்டுகிற தீவுக்காரன் ஒருவன்
"வெயிலில் சண்டைக்கு வராதே தம்பி, உன் வாளே தெரியவில்லை"
என்று வாங்கிக் கட்டிக்கொண்டு படகேறினான்.
பாம்பனில் புயலை வெட்டியது மட்டும் பொய்.
அவரே சொன்னார்: அது தானாகத் திரும்பிக்கொண்டது.

முதல் வெள்ளிக்கிழமை, இருபத்தைந்து வயதைக் கேட்டார்.
வந்தான். மீசையில் எண்ணெய், மணிக்கட்டில் அவசரம்.
மூன்றே வீச்சு.
மண்டியிட்டவன் முகத்தைப் பார்க்கக் கூசி
கடலிடம் சொன்னார்:
"இவனிடமா இத்தனை பேர் தோற்றார்கள்?"

நாற்பது கொஞ்சம் தாக்குப்பிடித்தது.
ஐம்பத்தெட்டு, நடுவில் நிறுத்தி
வெற்றிலை இருக்கிறதா என்று கேட்டது.
போன வருஷத்து ஆளோடு மதியம் முழுக்க.
இருவரும் ஒரே முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததில்
சமன் என்று எழுதினேன் பதிவேட்டில்.

"அடுத்த வருஷம்" என்றார்.

திருப்பினேன்.
எஞ்சின் உறுமியது. உள்ளிருந்த நண்டுகள் வெளியே ஓடின.
ஒருவரும் வரவில்லை.
பழுதோ என்று தட்டிப் பார்த்தேன்.
என் அடுத்த வருஷத்தை வைத்துச் சோதித்தேன்:
கொஞ்சம் பருத்து, புது மூக்குத்தியோடு எட்டிப் பார்த்து
"என்னடி?" என்றேன்.
பழுதில்லை.
மறுபடியும் அவருக்கு.
தண்ணீர். தண்ணீர் மேல் கச்சான் காற்று.

காசைத் திருப்பிக் கொடுக்க எடுத்தேன், வாங்கவில்லை.
வாளை உருவி
வெறுமையாய்க் கிடந்த அந்த வாயைப் பார்த்துத்
தலை தாழ்த்தினார்.
வேறு எவருக்கும் அவர் அப்படித் தாழ்த்தி நான் கண்டதில்லை.

பிறகு நடந்ததைச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.
ஓரடி வைத்தார். வெகுநேரம் கழித்து அதை எடுத்தார்.
வலது தோளைக் காத்தார். எதையோ விட்டுக்கொடுத்தார்.
ஒருமுறை "அட" என்றார்,
வெறுஞ்சோற்றில் மீன் துண்டு அகப்பட்டவர் போல.
வெள்ளம் இடுப்புக்கு ஏறியதும்
நான்தான் மணி அடித்தேன்.

கரையேறியவர் சட்டையில்
முழங்கைக்கு மேலே ஒரு கிழிசல்.
சாய்வாக, ஒரு நூல் பிசிறாமல்.
ஐம்பது வருஷத்தில் அவர் துணியில் விழுந்த முதல் வெட்டு.

"ஊசி இருக்கு, தைத்துத் தரட்டுமா?"
கையை இழுத்துக்கொண்டார்.
"எதிராளி பெயர் என்ன போட?"
நின்று யோசித்தார்.
"இடம் விட்டு வை."

வருகிற வெள்ளிக்கும் டோக்கன் எடுத்துக்கொண்டு போனார்,
சில்லறை வாங்காமல்.