ஐஸ் பாக்கி

காசிமேடு ஏலத்தில் கை தூக்கினேன்.
வாட்ச் கழன்று சங்கராக் கூடைக்குள் விழுந்தது.
கூட்டத்தில் யாரோ அதற்கும் ஒரு விலை கேட்டார்கள்.
எடுத்துத் துடைத்தேன்.
ஓடிக்கொண்டுதான் இருந்தது.

மூணு டிரிப் ஐஸ் பாக்கிக்கு
லூர்துராஜ் கழற்றிக் கொடுத்தது.
சுவிஸ் என்றான். கப்பல்காரன் ஒருத்தன் தந்தானாம்.
என் கைக்குப் பெரிசு,
முழங்கை வரைக்கும் போய்த் திரும்பி வரும்.

நுங்கம்பாக்கம் ஷோரூமில்
கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கொடுத்து
பில் இருக்கா மேடம் என்றார்கள்.
கொக்கி மட்டும் தனியாக வராதாம்,
முழுச் செயினும் மாத்தணுமாம்.
அந்தத் தொகைக்கு ஒரு வலையே வாங்கலாம்.
நான் எழுந்ததும்
நாற்காலிக்கு வாசனை அடித்தான் ஒரு பையன்.

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு,
ஜவுளிக்கடைப் படிக்கட்டுக்குக் கீழே இத்ரீஸ்.
லென்ஸைக் கண்ணில் செருகி
கொக்கியைத் திறந்து ஊதினான்.
ஒரு செதில் பறந்தது.
பாதி ஊசி ஒடிந்து உள்ளேயே கிடந்தது.
ரொம்ப நேரம் பார்த்தான்.
"அக்கா, இது வந்து..."
"பூட்டினா போதும்பா."

வேறொரு ஊசியை வெட்டி, உரசி, இறக்கினான்.
டிக்.
இரண்டு கண்ணி கழற்றிக்
காகிதத்தில் மடித்துக் கொடுத்தான்.
நூற்றெண்பது ரூபாய்.
என்னவோ சொல்ல வந்ததை
சில்லறையோடு சேர்த்துக் கல்லாவில் போட்டான்.

மறுநாள் விடியலில்
படகிலிருந்தே என் கையைப் பார்த்தான் லூர்துராஜ்.
"இப்ப பூட்டுதா?"

நோட்டை எடுத்தேன்.
அடித்த பாக்கிக்குக் கீழே
அந்த 'இப்ப'வை
எழுதி வைத்துக்கொண்டேன்.