இருபத்து நான்காம் நாள்

தேதி முத்திரையின் சக்கரத்தை
தினமும் காலை எட்டு மணிக்கு
என் கட்டைவிரல்தான் நகர்த்துகிறது.
ஒரு பல், ஒரு நாள்.
மேய்ன் கடற்கரையில் எங்கள் மாவட்டத்துக்குச்
சட்டப்படி விடிவது அப்போதுதான்.

அக்டோபர் முப்பது, வியாழன்.
டெல்மா ஃபாக்கிங்ஹாம் உள்ளே வந்தாள்.
ரப்பர் பூட்ஸ், சட்டைக் கையில் ஹெர்ரிங் செதில்.
சிங்கி இறால் கூண்டுகளோடு
அவள் துறைக்கு இறங்கும் வண்டிப்பாதை
கனெக்டிகட்டிலிருந்து வந்து வீடு வாங்கியவருக்கே சொந்தமென்று
ஆறாம் தேதி தீர்ப்பாகியிருந்தது.
மேல்முறையீட்டுக்கு இருபத்தொரு நாள்.
இருபத்தேழாம் தேதி மாலை நான்கு மணியோடு
கெடு முடிந்தது.

"இன்னிக்குக் கொடுத்தா வாங்கிப்பீங்களா?"

வாங்குவேன். எதையும் வாங்குவேன்.
ஆலோசனை மட்டும் சொல்லக் கூடாது.
அப்படியொரு அட்டை கண்ணாடிக்கு மேலே தொங்குகிறது,
என் கையெழுத்திலேயே.

அவள் அட்டையைப் பார்க்கவில்லை.
முத்திரையைப் பார்த்தாள்.
நானும் பார்த்தேன்.
மூன்று பல் பின்னால் திருப்பினால் போதும்.
பக்கத்து மேசை வெர்லீன் சாப்பிடப் போயிருந்தாள்.
சக்கரம் இரண்டு பக்கமும் சுற்றும்,
செய்தவன் ஏன் அப்படிச் செய்தானோ.

கையை மடியில் வைத்துக்கொண்டேன்.
பிறகு, ஆலோசனை ஆகிவிடாத அளவுக்கு,
ஒரு படிவத்தைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினேன்.

தாமதத்துக்குக் காரணம் என்று அச்சிட்டு
கீழே நான்கு கோடுகள்.
எவ்வளவு பெரிய காரணமானாலும் நான்கே கோடு.
கணவரின் இதய அறுவை அதில் அடங்கியிருக்கிறது.
வக்கீல் ஒருவரின் விவாகரத்து அடங்கவில்லை,
ஓரத்தில் ஏறி, தாளின் முதுகுக்கும் போய்விட்டது.

டெல்மா நின்றபடியே எழுதினாள்:
புயல். இருபத்தொன்று, இருபத்திரண்டு.
மின்சாரம் இல்லை. சாலையில் மரம்.

பொய் இல்லை.
என் வீட்டுக் கொட்டகையின் தகரமே
மூன்றாம் வீட்டில் கிடந்தது.
எந்த வக்கீலும் மறுக்க முடியாத புயல்.

பேனாவைக் கீழே வைத்தாள்.
வெளியே யாரோ வண்டியை நிறுத்தி, மறுபடி கிளப்பிப் போனார்கள்.
எடுத்து அந்த வரிகளை அடித்தாள்,
படிக்க முடிகிற மாதிரி, ஒற்றைக் கோடாக.
அடியில் எழுதினாள்:

உறை ஒன்பதாம் தேதியே வந்தது.
வண்டியில், இரைமீன் வாளிக்கு அடியில் வைத்திருந்தேன்.
பிரிக்காத வரைக்கும் பாதை என்னுடையது.
நேற்று பிரித்தேன்.

கோடு போதவில்லை.
ஐந்தாவதை, ஆறாவதை அவளே போட்டுக்கொண்டாள்.
அக்டோபர் முப்பது என்று குத்தினேன்.
மை கொஞ்சம் கூடுதலாகவே விழுந்தது.

எதிர்த்தரப்பு இரண்டு பக்கம் ஆட்சேபித்தது:
பயம் ஒரு நிகழ்ச்சி அல்ல, மாண்புமிகு நீதிபதி அவர்களே,
அது ஒரு நிலை.
தவறென்று சொல்லிவிட முடியாது.

நவம்பர் ஐந்து.
நீதிபதி ஹாஸ்கலின் பச்சை மையில்:
அனுமதிக்கப்பட்டது. பதின்மூன்று வரை.
அவ்வளவுதான்.
அடித்த வரிக்காகவா, அடிக்காத வரிக்காகவா?
பொறு என்றால் காத்திரு.
பொறு என்றால் மன்னித்துவிடு.
அவர் எதைச் சொன்னாரென்று
கோப்பில் இல்லை.
அவளுக்குக் கிடைத்தது பாதை அல்ல.
எட்டு நாள்.

பதின்மூன்றாம் தேதி மூன்றரைக்கு
மூடுபனிக்குள் அவள் வண்டி வந்து நின்றது.
விளக்கு அணைந்தது. கதவு திறக்கவில்லை.
உள்ளே, ஸ்டியரிங்கின் மேல்
வெள்ளையாக ஒன்றைப் பிடித்திருந்தாள்.
மூன்று நாற்பது.
வெர்லீன் மேசை விளக்கை அணைத்தாள்.
மூன்று நாற்பத்தாறு.
அட்டையில் எழுதாத விதி ஒன்று உண்டு:
வெளியே போய்க் கூப்பிடவும் கூடாது.

முதலில் வந்தது இரைமீன் வாடை.
பின்னால் அவள்.
பின்னால்தான் காகிதம், நான்காக மடித்தது.
பிரித்துத் தேய்த்து நீவிக் கொடுத்தாள்.
குத்தினேன்.
நவம்பர் பதின்மூன்று.
காலையில் நான் தள்ளிய அதே பல்.

"இனிமே?" என்றாள்.
அட்டையைக் காட்டினேன்.
முதல்முறையாக அதைப் படித்தாள்,
முழுசாக, உதடு அசைய.