மட்டம்

மூன்றாம் வாரமும் அதே கறை.
ஷெட்டின் சிமென்ட் தரையில், பின் அச்சுக்கு நேர் கீழே,
உள்ளங்கை அகலம்.
கியர் ஆயில் வாடையை ஒருமுறை முகர்ந்தவர்
மறுபடி அதைத் தேட வேண்டியதில்லை.
அது தேடி வரும்,
கையுறை வழியே, ரொட்டி வரைக்கும்.

சீல் போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.
ஸ்டான்லிக்குச் சொன்னேன். கப்பலில் வரும் என்றார்கள்.
கப்பல் காற்றைக் கேட்டு வரும்.
ஃபாக்லாந்துக் காற்று
யாரையும் கேட்பதில்லை.

ஓடைக்கு அப்பால் நானூறு ஆடுகள்.
நாலு சக்கர வண்டி ஒன்று. ஓட்டுகிறவர் இருவர்.
காலையில் நான், மதியத்துக்கு மேல் மர்டோ.
மே மாதத்திலிருந்து
தம்பிக்கும் எனக்கும் பேச்சில்லை.
முனை நிலத்தை விற்றுவிடலாம் என்றான்.
நான் சொன்னதை
இங்கே எழுதுவதாக இல்லை.
சாவியை ஆணியில் மாட்டுவேன். அவன் எடுப்பான்.
அவன் மாட்டுவான். நான் எடுப்பேன்.
எங்கள் வீட்டில் அதிகம் பேசியது
அந்த ஆணிதான்.

ஞாயிறு, மழை.
அச்சைச் சுற்றி மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்து
சமையலறை மாவை எடுத்து மேலே தூவினேன்.
கரிச்சேற்று நிலத்தில் ஒரு மைல் போய்த் திரும்பினேன்.
மாவு பொய் சொல்லாது.
சீல் இருந்த இடம் வெள்ளை வெளேரென்று.
நனைந்த கோடு மேலிருந்து இறங்கியிருந்தது,
சுண்டுவிரல்கூட நுழையாத
ஒரு ரப்பர் குழாயின் வாயிலிருந்து.

சூடேறினால் அச்சு மூச்சு விடும் வழி அது.
மூச்சு வர வேண்டிய இடத்தில்
எண்ணெய் வந்துகொண்டிருந்தது.

ஓடையில் இறங்கித் தண்ணீர் குடித்திருக்குமோ?
குச்சியை விட்டுப் பார்த்தேன். மோர் நிறம் இல்லை.
பக்கவாட்டில் மட்டம் பார்க்கும் போல்ட் ஒன்று உண்டு.
துருப்பிடித்தது என்று
இத்தனை நாள் அதைத் தொட்டதில்லை.
(தெரியும். தொட்டிருக்க வேண்டும்.)
சுத்தியலால் நாலு தட்டு, இரண்டு கெட்ட வார்த்தை,
அசைந்தது.
ஒன்றும் வராது, காலியாகத்தான் இருக்கும் என்று
முகத்தைக் கிட்டே வைத்திருந்தேன்.

கொட்டியது.
கொட்டி, தாடையில் வழிந்து,
பேசின் பாதி நிறைந்தும்
நிற்கவில்லை.

பேசினில் இரண்டு நிறம்.
தேன் நிறம் என்னுடையது.
ஒழுகுகிறதே என்று வாரம் இரண்டு முறை
மேல் மூடியைத் திறந்து நான் ஊற்றியது.
இன்னொன்று, கடல்பாசிபோல் பச்சை.
கம்பளி மூட்டைகளுக்குப் பின்னால் கேன் கிடைத்தது.
மூடியில் அவன் கட்டைவிரல்.

கறையை அவனும் பார்த்திருக்கிறான்.
காலையில் அக்கா ஓட்டுவாளே என்று
அவனும் ஊற்றியிருக்கிறான்.
ஒரே குழம்புக்கு இரண்டு பேர் உப்பு.
அது பொங்கித் தரையில் வழிய,
குறைகிறது குறைகிறது என்று
இருவரும் மேலும் மேலும்.

குழாய் நுனியில் சேறு காய்ந்து கிடந்தது.
கம்பியால் குடைந்து, வாய் வைத்து ஊதினேன்.
அந்தக் கசப்பு நாள் முழுக்க நாக்கை விடவில்லை.
புதுக் குழாயைச் சட்டத்தோடு மேலே கொண்டுபோய்
ஹேண்டிலுக்கு அடியில் ஒரு வளைவு வளைத்துக் கட்டினேன்,
ஓடை எட்டாத உயரத்துக்கு.
போல்ட் ஓட்டையின் விளிம்பு வரை எண்ணெய்.
ஒரு சொட்டு கூடாமல்.

பிறகு டேங்கின் மேல் டேப் ஒட்டி எழுதினேன்:
"மட்டம் சரி. ஊற்றாதே."
பெயர் போடவில்லை. சாவியை மாட்டினேன்.

மறுநாள் காலை
தரை காய்ந்திருந்தது.
டேப்பில் என் எழுத்துக்குக் கீழே
பென்சிலில், சரிந்த எழுத்தில்:
"நீயும்தான்.
முன் இடது டயரில் காற்று இல்லை, பார்."

பார்த்தேன்.
உண்மையாகவே இல்லை.