பழைய நம்பர்

ஒரு நாளைக்கு முப்பது வீடு.
சிலிண்டரை இறக்கிவிட்டுக் கதவருகே நின்று
"ஓடிபி சொல்லுங்கம்மா" என்பேன்.
கண்ணாடி தேடுவார்கள்.
மகன் துபாயில் இருக்கிறான்,
அவன் போனுக்குப் போயிருக்கும் என்பார்கள்.
வேர்வையைத் துடைத்துக்கொண்டு
மனசுக்குள் திட்டுவேன்.

லோகிதாவின் ஐந்தாம் வகுப்பு மார்க்கைப் பார்க்க
இப்போது எங்களுக்கு ஆறு எண் வேண்டும்.
அது தேசம்மாவின் பழைய நம்பருக்குப் போகிறது.
அந்த நம்பர் போன வருஷமே செத்துவிட்டது,
வாடகையா ரீசார்ஜா என்று வந்த ஒரு மாதத்தில்.

பள்ளிக்கூடம் கொருக்குப்பேட்டை கேட்டுக்கு அந்தப் பக்கம்.
ஆபீஸ் பத்திலிருந்து பன்னிரண்டு.
திங்கட்கிழமை கேட் மூடியிருந்தது.
ஒரு கூட்ஸ் போய், எதிரே இன்னொரு கூட்ஸ் வந்து,
நடுவில் ஒரு இன்ஜின் மட்டும் தனியாக,
எதையோ வீட்டில் மறந்துவிட்டுத் திரும்பிப் போகிறவன் மாதிரி.
வண்டியில் முன்னால் உட்கார்ந்து
லோகிதா பெட்டிகளை எண்ணினாள்.
ஐம்பத்தெட்டு என்றாள்.
தேசம்மா ஐம்பத்தேழு என்றாள்.
இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை.
போய்ச் சேர்ந்தபோது
ஆபீஸ் கதவில் பூட்டு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

செவ்வாய், சர்வர் இல்லை.
புதன், சர்வர் இருந்தது.
"நம்பர் மாத்தணும்னா லெட்டர் எழுதுங்க,
ஆதார் ஜெராக்ஸ் வைங்க, ரெண்டு வாரம் ஆகும்."
தண்டையார்பேட்டை ஸ்கூலில் ஆறாம் வகுப்புக்கு
வெள்ளிக்கிழமை கடைசி, மேடம்.
"அதுக்கு நான் என்னங்க பண்றது?
பேப்பர்ல தர்றத நிறுத்திட்டாங்க."
அவர் மேல் கோபம் வரவில்லை.
அவர் தலைக்கு மேலே ஃபேன் ஓடவில்லை.

மூன்று அரை நாள் கூலி போச்சு.
எக்ஸ்போர்ட் கம்பெனியில் தேசம்மாவுக்கு
இந்த மாதப் பர்மிஷனும் தீர்ந்தது.
லோகிதா ஒரு வார்த்தை கேட்கவில்லை.
தெருவில் எல்லாப் பிள்ளைக்கும் அவரவர் மார்க் தெரிந்துவிட்டது.
இவள் தண்ணி லாரிக்கு வரிசையில் குடத்தை வைத்துவிட்டு
குடத்தோடு குடமாக நின்றாள்.

வியாழன் ராத்திரி தேசம்மாதான் சொன்னாள்:
"நம்ம நம்பருக்கே போன் போட்டா என்ன?"

மணி அடித்தது.
எடுத்தவனுக்குப் பின்னால் ஒரே ஹாரன் சத்தம்.
மணலியில், துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் வரிசையில்
காலையிலிருந்து நிற்கிறானாம்.
தேசம்மா விஷயத்தைச் சொன்னாள்,
திட்டுவான் என்று போனைக் காதிலிருந்து
கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு.

"லோகிதா அம்மாவா நீங்க?" என்றான்.
"ஸ்கூல் மெசேஜ் பூரா எனக்குத்தான்க்கா வருது.
பிப்ரவரில ஒரு நா,
உங்கள் மகள் லோகிதா இன்று வரவில்லைன்னு வந்துச்சு.
மறுநாளும் வந்துச்சு. அதுக்கு அடுத்த நாளும்.
யாராண்ட கேக்கறதுன்னு தெரியல.
நாலாம் நாள் வரல.
சரி, பாப்பா போயிருச்சு போலன்னு வண்டிய எடுத்தேன்.
காய்ச்சலா?"

"காய்ச்சல்தான் தம்பி" என்றாள்.
அப்புறம் போனை என்னிடம் கொடுத்துவிட்டாள்.

ஆறு எண்ணையும் ஒவ்வொன்றாகச் சொன்னான்.
நாலாவது எண்ணில் வரிசை நகர்ந்தது,
வண்டியை முன்னால் போட்டுவிட்டு வந்து
மறுபடி முதலிலிருந்து.

திரை சுற்றியது. நின்றது. சுற்றியது.
தமிழ் எழுபத்தொன்பது.
இங்கிலீஷ் நாற்பத்தொன்று.
கணக்கு தொண்ணூற்றாறு.

"எவ்ளோண்ணே?" லைனில் இன்னும் இருந்தான்.
சொன்னேன்.
"இங்கிலீஷு எனக்கும் வராது" என்று சிரித்தான்,
பின்னாலிருந்து யாரோ ஹாரனை அமுக்கினார்கள்,
கட் ஆகிவிட்டது.
அவன் பேரைக் கேட்கவில்லை.

லோகிதா என் தோளுக்கு மேல் எட்டி
ரொம்ப நேரம் பார்த்தாள்.
பிறகு அம்மா பக்கம் திரும்பி,
"இப்ப சொல்லு,
ஐம்பத்தெட்டுதானே?"