இருநூற்று எழுபது

இருநூற்று எழுபது ரூபாய்
எங்கோ ஒளிந்திருக்கிறது.
இருப்புநிலைக் குறிப்பின் இடப்பக்கம் கனத்து
வலப்பக்கம் மேலேறி நிற்கிறது.
மணி பதினொன்றரை. விடிந்தால் பரீட்சை.

கரண்டு போய் நேரமாகிறது.
அப்பாவின் பால்வெட்டு ஹெட்லைட்டை
நெற்றியில் கட்டியிருக்கிறேன்.
குலசேகரம் முழுக்க ரப்பர் தளிர்விட்டு நிற்கும் மாசி;
வெட்டில்லை, கூலியில்லை,
இந்த லைட்டுக்கும் வேறு வேலையில்லை.
தலை திருப்பும் பக்கமெல்லாம் வெளிச்சம் போய்
ஒருமுறை கடனாளிகள்மேல் விழுகிறது,
ஒருமுறை பல்லிமேல்.

பாடப்புத்தகத்தில் கூட்டாளிகள் தங்கமானவர்கள்.
மூன்றுக்கு இரண்டு என்றால்
ஒரே வரியில் ஒத்துக்கொள்கிறார்கள்.
புதிதாக வருகிறவன் நற்பெயரைக் காசாகவே கொண்டுவருகிறான்.
விலகுகிறவன் சரியாக மார்ச் 31 அன்று விலகுகிறான்.
தியாகத்துக்குக்கூட அங்கே ஒரு விகிதம் உண்டு.
யாரும் யாருடைய பெட்டியையும்
ராத்திரியில் டெம்போவில் ஏற்றிப் போவதில்லை.

செல்வதாஸ் மாமா போனது ஆடியில், மழையோடு.
அவரும் அப்பாவும் சேர்ந்து வைத்த
நாற்பத்தெட்டு தேன்பெட்டியில்
இருபத்தேழைக் கொண்டுபோனார்.
யார் போட்ட முதல், யார் எடுத்த எடுப்பு,
ஒரு துண்டுச் சீட்டும் இல்லை.
காலண்டர் தாளின் பின்னால்
'தாஸ், சீனி 2 சாக்கு' என்று மட்டும்.
மழைக்காலத்தில் தேனீக்குக் காய்ச்சி ஊற்றிய சீனி;
தாஸ் கொடுத்ததா, தாஸுக்குக் கொடுத்ததா,
எழுதிய அப்பாவுக்கே தெரியாது.

முழுமை பெறா பதிவேடுகள் நடத்திய அன்று
வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன்.
அந்த இரண்டு சாக்கை எங்கள் பக்கம் வைத்தும்
நாங்கள்தான் அவருக்குத் தர வேண்டியிருந்தது.
தாளை நாலாக மடித்து
புத்தக அட்டைக்குள் செருகிவிட்டேன்.
அப்பாவிடம் சொல்லவில்லை.

அவர் மகள் பிரிஸ்கா
வருகைப் பதிவேட்டில் எனக்கு அடுத்த பெயர்.
ஆடியிலிருந்து பெஞ்சில் எங்களுக்கு நடுவே
ஒரு பை உட்கார்ந்திருக்கிறது.

ஃபோன் அதிர்ந்தது.
'பிரபிஷா, அந்தக் கடைசிக் கணக்கு டாலி ஆச்சா?
எனக்கு 270 இடிக்குது.'

கொஞ்ச நேரம் கணக்கைப் பார்க்கவில்லை,
அவள் பெயரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஸ்ரீஜா டீச்சர் சொன்னது வந்தது:
வித்தியாசத்தில் பாதி எங்காவது நின்றால் பக்கம் மாறியிருக்கு,
வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் இலக்கம் மாறியிருக்கு.
நூற்று முப்பத்தைந்து எங்கேயும் இல்லை.
ஒன்பதால் வகுத்தேன்: முப்பது, மிச்சமில்லாமல்.
விரலை வைத்துக்கொண்டு கீழே வந்தேன்.
கொடுபட வேண்டிய கூலி
வியாபாரக் கணக்கில் 360,
குறிப்பில் 630.
பெல் அடித்த அவசரத்தில் டீச்சர் போர்டில் மாற்றி எழுதியதை
பையின் அந்தப் பக்கம் அவளும்
இந்தப் பக்கம் நானும்
அப்படியே எழுதியிருக்கிறோம்.

'கூலி. 360 போடு.'
'ஆமா ட்டீ!'
அதோடு நின்றிருக்கலாம்.
நான்தான் கேட்டேன்:
'போன வருசம் அந்த ரெண்டு சாக்கு சீனி
யாருக்க காசு?'

தட்டச்சு செய்கிறாள், நிறுத்துகிறாள்,
மறுபடி செய்கிறாள்.
'எங்க அப்பாக்க. அம்மைக்க கம்மல வச்சு வாங்குனது.
ஏன்?'

'ஒண்ணுமில்ல. ஒரு கணக்கு.'

அட்டைக்குள்ளிருந்து தாளை எடுத்து விரித்தேன்.
செல்வதாஸ் கணக்கு, வரவுப் பக்கம்,
சீனி, சாக்கு இரண்டு.
மை பேனாவால் எழுதினேன்.
தொகை இன்னும் கூடிற்று.
பக்கத்து அறையில் அப்பா புரண்டு படுத்தார்.
பரீட்சை முடியட்டும் என்று நினைத்தேன்,
அதற்குள் சொல்லிவிடுவேன் என்றும்.

லைட் மங்கத் தொடங்கியது.
ஃபோன் இன்னொரு தரம்:
'என் ஸ்கேல் ஒடிஞ்சு போச்சு.
நாளைக்கி ரெண்டு கொண்டு வா.'